வைக்கல் தின்னாத கார்

1

போன கிழமை என் மகன் சேந்தன் ஒரு காரின் படத்தை அனுப்பியிருந்தான். அவன் எனக்கு இப்படி எதையும் அனுப்புகிறவன் இல்லை. நான் ரொறன்ரோவில், அவன் ஒட்டாவாவில். காரில் போனால் ஐந்து மணித்தியாலம்; பேச்சில் அதைவிடத் தூரம். பிறந்தநாளுக்கு ஒரு கோல் எடுப்பான். தைப்பொங்கலுக்கு நான் நினைவூட்டினால் இன்னொரு கோல். ஆகவே படத்தைக் கண்டதும் எனக்கு முதலில் பயம்தான் வந்தது. எங்கேயோ கொண்டுபோய் அடித்துவிட்டானோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். காரில் ஒரு கீறலும் இல்லை. அதுதான் விசயமாம்.

பதினாறு வருசப் பழைய கார், ஆனால் ஓடியது மிகக் குறைவு. வயதுபோன வெள்ளைக்காரர் ஒருவர் தேவாலயத்துக்கும் மருந்துக்கடைக்கும் மட்டும் ஓட்டிவிட்டு, மற்ற நேரம் கராஜுக்குள் போர்த்து வைத்திருந்தவராம். இப்போது கண் தெரியவில்லை, விற்கிறார். சேந்தன் இரண்டாவது காராக வாங்க யோசிக்கிறான். "அம்மா, அம்மப்பாவும் இப்படி ஒண்டு வாங்கினவர் எண்டு சொல்லுவீங்களே. இதுக்கு என்ன விலை சரி?" என்று கேட்டான்.

என் மகன் என்னிடம் அபிப்பிராயம் கேட்டுப் பல வருசம். கொஞ்ச நேரம் அந்தச் சந்தோசத்திலேயே இருந்தேன். பிறகு படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பழைய கார், குறைய ஓடியது, என்ன விலை சரி. இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஐயாவின் கார்தான் நினைவு வரும். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்கிறேன். அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

2

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. ஐயா, என் அப்பா, யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியை விட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றத்தில் மூன்று ஏக்கர் வயல் எடுத்து வந்தவர். எங்கள் வீடு பெரிய றோட்டிலிருந்து உள்ளுக்கு, வாய்க்கால் கட்டு வழியே மாட்டு வண்டியில் முக்கால் மணித்தியாலம். அந்தக் கட்டில்தான் எங்கள் உயிரெல்லாம் போய்வந்தது.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பிள்ளை வீட்டிலேயே பிறந்து இறந்தது. கால் முன்னுக்கு வந்த பிள்ளை. மருத்துவிச்சி எவ்வளவோ பாடுபட்டும் முடியவில்லை. அடுத்தது தங்கினால் ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனா. அடுத்தது தங்கியது. மார்கழிப் பிறப்போடு பிறக்கும் என்று கணக்கு. மார்கழி என்றால் மழை. கிளிநொச்சிப் பட்டினத்தில் ஒரேயொரு வாடகைக் கார்தான் இருந்தது. அந்தச் சாரதி கட்டு நனைந்துவிட்டால் தன் காரை இறக்கமாட்டார். அம்மாவின் பிறந்த வீட்டோடு காணிச் சண்டையில் போக்குவரத்து இல்லை. அங்கே போய்க் கிடக்கவும் வழியில்லை.

ஐயா இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் வவுனியா விமானத்தளத்துக்கு லொறி ஓட்டியவர். அவருக்கு ஓட்டத் தெரியும், கார்தான் இல்லை. சிறுபோக நெல் விற்ற காசு கையில் இருந்தது. வவுனியாவுக்கு இந்தப் பக்கம், ஓமந்தையில் ஒரு கார் விலைக்கு நிற்கிறது என்று சரிபு நானா வந்து சொன்னபோது ஐயா சாப்பாட்டுக் கையோடு எழும்பிவிட்டார்.

சரிபு நானா முல்லைத்தீவுப் பக்கத்து மாட்டுத் தரகர். வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவில் எந்தப் பட்டியில் எந்த எருது நிற்கிறது என்று அவரைக் கேட்டால் போதும். எங்கள் உழவுமாடுகள் எல்லாம் அவர் பேசி முடித்தவை. எங்கள் பகுதியில் அப்போது ஆரும் கார் வாங்கியதில்லை. எல்லாருக்கும் வாங்கத் தெரிந்தது மாடு ஒன்றுதான். ஆகவே காரைப் பார்க்க ஐயா நானாவைக் கூட்டிக்கொண்டு போனதில் ஒருவருக்கும் புதுமை இல்லை.

3

காலைக் கோச்சியில் ஓமந்தை ஸ்ரேசனுக்குப் போனோம். ஐயா, அம்மா, நான், நானா. அம்மாவை எதற்கு எட்டாம் மாதத்தில் இழுக்கிறாய் என்று அயலில் பேசினார்கள். தான் பார்க்காமல் ஒரு சதம் குடுக்கக்கூடாது என்று அம்மாவே கிளம்பியிருந்தா.

கார், றோட்டு வேலைகளை மேற்பார்த்து இறந்துபோன ஓவசியர் ஒருவருடையது. வாங்கிக் கொஞ்சக் காலத்தில் அவரைப் பாரிசவாதம் அடித்துப் படுக்கையில் போட்டுவிட்டது. அவர் செத்தும் மூன்று வருசம். கார் கொட்டிலுக்குள் சாக்குப் போர்த்து நின்றது. கறுப்பு நிறம். பன்னிரண்டு வருசக் கார், மீற்றரில் ஒன்பதினாயிரம் மைல். அவருடைய மனைவியை எல்லாரும் ஓவசியர் அம்மா என்றுதான் சொன்னார்கள். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. விலை நாலாயிரத்து ஐந்நூறு என்று சொல்லிவிட்டுக் கதிரையைப் போட்டு இருந்துவிட்டா.

ஐயா நாங்கள் வருமுன் காரை ஸ்ராட் பண்ண வேண்டாம் என்று முதலே சொல்லி அனுப்பியிருந்தார். அது நானாவின் யோசனை. படுத்த மாடு விடிய எழும்புகிற எழுப்பத்தைப் பார்த்தால்தான் இடுப்பு விளங்குமாம். ஐயா என்ஜினைத் தொட்டுப் பார்த்தார், குளிராக இருந்தது. பிறேக், கிளச் மிதிகளின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். வரி தேயாமல் இருந்தது. மைல் பொய் இல்லை என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எண்ணெய்க்கம்பியை உருவி மணந்தார். தண்ணீர்த் தாங்கியைத் திறந்தார். உள்ளே துரு கலங்கிச் செம்பாட்டு நிறத்தில் இருந்தது. ரயரின் பக்கத்தைக் கட்டைவிரலால் அமத்தினார். மேலே பூ அழியாத ரயர், பக்கத்தில் மட்டும் வெயிலில் காய்ந்த களிமண் போல வெடிப்பு. பற்றறி செத்துப்போயிருந்தது. கைபிடிக்கம்பியைச் செருகிச் சுழற்றினார். இரண்டு தரம் இருமிவிட்டு, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். எருது எழும்பி நின்றதைப் போலச் சிரித்தார்.

அம்மா இதையெல்லாம் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து, தூசி தட்டி, உள்ளே ஏறி, ஆசனத்தில் சரிந்து படுத்தா. முழங்காலை மடித்துப் பார்த்தா. பிறகு நீட்டிப் பார்த்தா. கதவு மூடுமா என்று என்னைக் கொண்டு மூடுவித்தா. கண்ணாடிக்குள்ளால் அம்மாவின் வயிறுதான் தெரிந்தது. ஓவசியர் அம்மா கதிரையை விட்டு எழும்பி வந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றா.

அம்மா இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, "எனக்குக் காணும், இது போதும்" என்றா.

ஐயாவுக்குத்தான் காணவில்லை. அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். குறைய ஓடினதற்காக விலை கூட்டிச் சொல்கிறார்கள். ஆனால் நின்ற கார் நின்றே பழுதாகும். ரயர் நாலும் மாற்ற வேண்டும், பற்றறி, ரப்பர்க் குழாய்கள், தண்ணீர்த்தாங்கி கழுவ வேண்டும். ஓடினதைப் பார்த்து விலை சொன்னால் போதாது, நின்றதையும் பார்த்துக் கழிக்க வேண்டும். ஐயாவின் கணக்கில் நியாயமான விலை நாலாயிரம். அதைக் காரணத்தோடு, மரியாதையாகச் சொன்னார். ஓவசியர் அம்மா கேட்டுவிட்டு, "எனக்கு உதுகள் தெரியாது தம்பி. மைல் ஓடேல்ல, அதுதான் எனக்குத் தெரியும்" என்றா. அவ்வளவுதான். ஒரு சதமும் இறங்கவில்லை.

ஐந்நூறு ரூபா அன்றைக்கு எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. ஒரு நல்ல சோடி எருது. அதைக் கொடுத்தால் மாரிக் காலபோக விதைநெல்லுக்குக் கைநீட்ட வேண்டும். ஐயா தயங்கினார். நானா அவரை வேலிப் பக்கம் கூட்டிப்போய், "வாங்க போவம்" என்றார்.

4

இதில்தான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது.

மாடு வாங்கும்போது விலை கட்டாவிட்டால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஒரு கிழமைக்கு அந்த வீட்டுப் படலையை எட்டியும் பார்க்கக்கூடாது. மாட்டை மறந்தவன் மாதிரி இருக்க வேண்டும். விற்கிறவன் அதற்கு நாளும் பொழுதும் வைக்கல் போட வேண்டும், தவிடு வைக்க வேண்டும், தண்ணி காட்ட வேண்டும். வேலையில்லாத மாடு நிற்க நிற்க விற்கிறவனுக்குத்தான் நட்டம். எட்டாம் நாள் அவனே ஆள் அனுப்புவான். ஐயா வாங்கிய எல்லா மாடும் அப்படி வாங்கியதுதான். ஒருதரம்கூட அது பிழையாய்ப் போனதில்லை.

"பொறுத்தார் பூமியாள்வார்" என்றார் நானா கோச்சியில். ஐயாவும் ஓம் என்றார். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தா.

கிழமை ஒன்று போனது. ஓமந்தையில் இருந்து ஆள் வரவில்லை. ஐயா பின்னேரங்களில் வாய்க்கால் கட்டில் போய் நிற்பார். ஏன் நிற்கிறார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கார் வருவது இறுகிவிட்டது. பழைய காருக்கும் ஆட்கள் அடிபடத் தொடங்கியிருந்தார்கள். நானா அந்தப் பக்கம் மாடு பார்க்கப் போய்வந்து, பூவரசங்குளத்தில் இருந்து ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாராம் என்றார். அன்று ஐயா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தார். வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஒரு நாள் அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னா. "மாடெண்டால் வைக்கல் தின்னும். கார் வைக்கல் தின்னாது. அவாவுக்கு என்ன அவசரம்? அவசரம் எனக்கெல்லோ."

ஐயாவுக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். மழை வெளிக்கட்டும், வெள்ளிக்கிழமை போய்க் கேட்ட விலைக்கே எடுத்துக்கொண்டு வாறன் என்றார். அவர் அதைச் சொன்னது திங்கட்கிழமை.

5

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். சேந்தன் சொன்னான், இந்த நாட்டில் பழைய கார் வாங்கினால் வாகன லைசென்ஸ் கொடுக்கிற கந்தோரில் அவர்களிடமே ஒரு விலைப் புத்தகம் இருக்குமாம். நீ எவ்வளவு குறைத்து வாங்கினாலும் அந்தப் புத்தக விலைக்குத்தான் வரி கட்ட வேண்டுமாம். அவனுக்கு அது அநியாயம். "நான் குடுக்கிற காசுதானே அம்மா விலை? அவை என்ன சொல்றது?" என்று பாதித் தமிழிலும் பாதி இங்கிலிசிலும் கத்தினான். கத்தல் வந்தால் அவனுக்குத் தமிழ் காணாது.

நான் இங்கே வந்த புதிதில் கந்தோர் என்றாலே நடுங்குவேன். குடும்பப் பெயர் எது, முதற்பெயர் எது என்று மாற்றிச் சொல்லி, ஐயாவின் பெயரில் எனக்கு ஒரு அட்டை வந்து, அதைத் திருத்த ஒரு மாரிகாலம் அலைந்தேன். இன்றைக்கும் சில இடங்களில் என்னை ஐயாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எழும்பிப் போகிறேன். ஆனால் இந்த விலைப் புத்தகத்தை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். அப்படி ஒன்று ஓமந்தையில் இருந்திருந்தால், ஓவசியர் அம்மாவும் ஐயாவும் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே கைகொடுத்திருப்பார்கள்.

6

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவுக்குப் பிரசவ நோ தொடங்கியது. மார்கழி வர இன்னும் நாள் கிடந்தது. மழை விடியவே திரும்பப் பிடித்திருந்தது. ஐயா சைக்கிளில் பட்டினத்துக்கு ஓடினார். வாடகைக் கார் ஒரு கலியாணத்துக்குப் பரந்தன் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்து மாட்டைப் பூட்டினார்.

வண்டிக்குள் வைக்கலைப் பரப்பி, பாயைப் போட்டு அம்மாவைக் கிடத்தினோம். அம்மாவின் தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மருத்துவிச்சி கால்மாட்டில் இருந்தா. கிடுகுக் கூடாரத்துக்குள்ளால் மழை ஒழுகியது. ஐயா மாட்டை அடிக்காத மனிதர்; அடிக்கிறவனுக்கு மாடு எதற்கு என்று கேட்பவர். அன்று துவரங்கம்பு முறியும்வரை அடித்தார். வண்டிச் சில்லுப் புதைந்த இடங்களில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினார். பெரிய றோட்டுக்கு வந்துசேர வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. அதற்குள் அம்மாவின் சத்தம் மாறிவிட்டது.

மருத்துவிச்சி என்னைப் பார்த்து, முன்னுக்குப் பார் பிள்ளை, திரும்பாதே என்றா. நான் மாடுகளின் கொம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொம்பில் இருந்து மழைத்தண்ணி வடிந்தது. அம்மாவின் விரல்கள் என் கையை இறுக்கி, பிறகு விட்டுவிட்டன. ஒரு பிள்ளை அழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

ஆண்பிள்ளை. ஐயா பிள்ளையைத் தன் சால்வையில் சுற்றிக்கொண்டு, மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தே வந்தார். வண்டியில் ஏறவில்லை. அம்மாவைக் காப்பாற்றிவிட்டார்கள்.

கார் இருந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை. மருத்துவிச்சியும் சொல்லவில்லை. இதுவும் கால் முன்னுக்கு வந்ததுதான். ஒருவரும் அதைச் சொல்லாததால் அந்த வீட்டில் அது எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கோபத்தில் ஐயாவோடு பேசவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க எனக்கு வயது போதவில்லை.

7

அம்மா வீட்டுக்கு வந்து கொஞ்சநாள் படுத்தே கிடந்தா. முதன்முதல் எழும்பி இருந்த அன்று ஐயாவைக் கூப்பிட்டா.

"போய் அந்தக் காரை எடுத்துக்கொண்டு வாங்கோ. அவா கேட்ட விலைக்கு."

ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இனி என்னத்துக்கு?" என்றார்.

"இந்த வாய்க்கால் கட்டில வேற பொம்பிளையள் இல்லையோ?"

ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நானாவைக் கூப்பிடவில்லை. கோச்சியில் வழிநீளத்துக்கும் அந்தக் கார் விற்றுப்போயிருக்க வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டு போனேன். விற்றிருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஏதோ ஒரு எண்ணம். கார் கொட்டிலுக்குள் அதே சாக்கோடு நின்றது.

ஓவசியர் அம்மா முதலில் அம்மாவைத்தான் தேடினா. படலைக்கு வெளியே எட்டிப் பார்த்தா. ஐயா நடந்ததை இரண்டு வசனத்தில் சொன்னார். சொல்லிவிட்டு நாலாயிரத்து ஐந்நூறையும் எடுத்து வைத்தார். அவா காசைத் தொடவில்லை. கதிரையில் மெல்ல இருந்தா.

"தம்பி, அவா ஏறிப் படுத்துப் பார்த்ததைக் கண்டனான். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அண்டைக்கே கொண்டுபோகச் சொல்லியிருப்பன். விலையைப் பிறகு பேசியிருக்கலாமே. நீங்கள் வராததைக் கண்டு, வேற எங்கையோ எடுத்திட்டீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."

பிறகு அவா நாலாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஐயாவின் பக்கம் தள்ளினா. ஐயா திருப்பித் தள்ளினார். அவா மறுபடி தள்ளினா. விலையைக் கூட்ட வாங்குகிறவரும் குறைக்க விற்கிறவரும் மல்லுக்கட்டியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைசியில் ஐயாதான் வென்றார். எங்கள் அம்மாவின் சொல்லைத் தட்ட அவருக்குத் துணிவில்லை. கைபிடிக்கம்பியைச் செருகிவிட்டு, சுழற்றாமல், முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஓவசியர் அம்மா என்னை உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தா.

ஐயா சொன்னபடியே மாங்குளம் தாண்ட ஒரு ரயர் வெடித்தது. கிளிநொச்சி கராஜில் நாலு ரயரும், பற்றறியும், குழாய்களும் மாற்றி, தாங்கி கழுவி, மெக்கானிக் ஒரு துண்டுக் கடதாசியில் கூட்டிக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். ஐந்நூறுக்குச் சில ரூபாதான் வித்தியாசம். அந்தக் காரின் நியாயமான விலை நாலாயிரமேதான். ஐயாவின் கணக்கு அச்சொட்டாகச் சரி.

அந்தக் கார் அதற்குப் பிறகு வாய்க்கால் கட்டில் இருந்து எத்தனையோ பெண்களை ஏற்றிப் போனது. அம்மா ஒருநாளும் பின் ஆசனத்தில் ஏறவில்லை. ஐயா மெக்கானிக்கின் கணக்குத் துண்டைக் கராஜிலேயே கிழித்துப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் விலை சரியாகச் சொன்ன மனிதர், தான் சொன்ன விலை சரி என்பதை மட்டும் சாகும்வரை வீட்டில் சொல்லவில்லை.